அசையும் சென்சார், அசையாத கல்: வேலூர்க் கோட்டையில் மூன்று படங்கள்

கேட்டது மூன்றே மூன்று படம். வேலூரில் வீடும் ஆஸ்பத்திரியும் கட்டித் தருகிற ஒரு பெண் ஆர்க்கிடெக்ட், தன் புது அலுவலகச் சுவருக்காகக் கேட்டார். ஒன்று, கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் ராஜகோபுரம், மல்லாக்கச் சாய்ந்த மாதிரி இல்லாமல் நேராக. இன்னொன்று, அதே கோயிலின் கல்யாண மண்டபத்துத் தூண், ஐந்தடி உயரப் பிரிண்ட். மூன்றாவது, அகழியும் மதிலும் பின்னால் மலையும் சேர்ந்த அகலப் படம்.

“தூரத்துல நின்னு பார்த்தா எல்லாப் படமும் அழகாத்தான் இருக்கும்ண்ணா. பக்கத்துல போனா உளி பட்ட இடம் தெரியணும்” என்றார். வேறு நிபந்தனை எதுவும் வைக்கவில்லை. இந்த ஒரு நிபந்தனைதான் வேலை முழுக்க எந்த வசதியை எங்கே பயன்படுத்துவது என்பதைத் தீர்மானித்தது. கோயிலும் கட்டடமும் மலையும் எடுக்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். கேமராவில் ‘சென்சார் ஷிஃப்ட்’ (வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் சில்லையே நகர்த்தும் வசதி) என்று எழுதியிருப்பது அவர்களுக்கு உண்மையில் எவ்வளவு உதவும், எங்கே கைவிடும் என்பதை இந்த வேலையை வைத்தே சொல்லிவிடலாம்.

சென்சார் எதற்காக அசைகிறது

நாம் வாங்கக்கூடிய கேமராக்களில் முதலில் அது கை நடுக்கத்துக்காக வந்தது. 2003ல் மினோல்டாவின் டிமாஜ் ஏ1 கேமராவில், லென்ஸுக்குப் பதில் சென்சாரையே நகர்த்தி நடுக்கத்தைச் சமன் செய்தார்கள். இன்றைய கேமராக்களில் காந்தங்களுக்கும் கம்பிச் சுருள்களுக்கும் நடுவே சென்சார் மிதக்கிறது. நடுக்கத்தை கைரோ அளந்து சொல்ல, சென்சார் அதற்கு எதிர்ப்பக்கம் நகரும். 2020ல் ஐபோன் 12 ப்ரோ மேக்ஸில் ‘சென்சார் ஷிஃப்ட்’ என்று வந்ததும் இதேதான். அதனால் கடையில் “இதுல சென்சார் ஷிஃப்ட் இருக்கு சார்” என்றால், நடுக்கத்துக்கு மட்டுமா, வேறு எதற்கும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்சாரை நினைத்த இடத்தில் துல்லியமாக நிறுத்த முடிந்ததும், அதை வைத்து வேறு வேலையும் வாங்கலாம் என்று தெரிந்தது. 2009ல் பென்டாக்ஸ் கே-7 கேமராவில், ஸ்டாண்டைத் தொடாமலே சென்சாரை மேலும் கீழும் பக்கவாட்டிலும் கொஞ்சம் நகர்த்திப் படத்தின் அமைப்பைச் சரிசெய்யும் வசதி வந்தது. 2015ல் கே-3 II கேமராவில், ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி நான்கு முறை எடுத்து ஒன்றாக்கும் ‘பிக்சல் ஷிஃப்ட்’ வந்தது. அதே ஆண்டு ஒலிம்பஸ் ஈ-எம்5 மார்க் II, அரைப் பிக்சல் அளவுகளில் நகர்த்தி எட்டு முறை எடுத்து, 16 மெகாபிக்சல் சென்சாரிலிருந்து 40 மெகாபிக்சல் படம் தந்தது. ஸ்டுடியோவுக்கான ஹாசல்பிளாட் கேமராக்களில் இந்த முறை அதற்கு முன்பே உண்டு. ஆனால் அந்த விலை நம் கைக்கு எட்டியதில்லை.

இந்த வேலைக்கு நான் எடுத்துப் போனது பென்டாக்ஸ் கே-1. 2016ல் வந்தது, முழு ஃபிரேம் (சென்சார் ஏறக்குறைய 36க்கு 24 மிமீ), 36 மெகாபிக்சல். ஒரு பிக்சலின் அகலம் 5 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). சென்சாரை ஒன்றரை மில்லிமீட்டர் வரை தள்ளி நிறுத்தலாம், ஒரு டிகிரி வரை சுழற்றலாம், பிக்சல் ஷிஃப்டும் உண்டு.

கோபுரம்

கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாயும். சென்சாரும் கோபுரமும் இணையாக இல்லாததுதான் காரணம். இணையாக வைத்தால் கோடுகள் நேராக நிற்கும், ஆனால் பாதிப் படம் தரையாகிவிடும், கலசம் வெட்டுப்படும். பெட்டி கேமரா காலத்தில் லென்ஸ் பலகையை மேலே தூக்கி இதைச் சமாளித்தார்கள். இன்று அந்த வேலையைச் செய்வது ஷிஃப்ட் லென்ஸ். கேனானின் 24 மிமீ ஷிஃப்ட் லென்ஸ் 12 மிமீ வரை நகரும். சென்சாரே ஒன்றரை மில்லிமீட்டர் நகரும்போது அந்த லென்ஸ் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும்.

இந்தக் கோபுரம் நூறு அடிக்கு மேல். கணக்குக்கு நூறு என்றே வைத்துக்கொள்வோம். கேமரா தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், கொஞ்சமும் அண்ணாராமல் நேராக, படம் நெட்டுவாக்கில், லென்ஸ் 24 மிமீ. உச்சி படத்துக்குள் வர 127 அடி பின்னால் நிற்க வேண்டும். சென்சாரை ஒன்றரை மில்லிமீட்டர் நகர்த்தினால் 117 அடி போதும். 12 மிமீ நகரும் லென்ஸ் இருந்தால் 76 அடி. ஆக, சென்சார் தரும் லாபம் பத்து அடி. லென்ஸ் தருவது ஐம்பது அடிக்கு மேல்.

சென்சாரை இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் என்ன? இயந்திரத்தில் இடம் வேண்டும் என்பது ஒரு பக்கம். லென்ஸ் விடாது என்பதுதான் பெரிய காரணம். முழு ஃபிரேம் லென்ஸ் உள்ளே போடும் வெளிச்ச வட்டத்தின் ஆரம் 21.6 மிமீ இருந்தால் சென்சாரின் மூலைகள் நிரம்பிவிடும். பெரும்பாலான லென்ஸ்கள் அந்த அளவை மனதில் வைத்துத்தான் செய்யப்படுகின்றன. நெட்டுவாக்கில் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்த்தினாலே மூலை 22.9 மிமீ தூரத்துக்குப் போய்விடும். அங்கே இருட்டும் மங்கலும் தொடங்கும். ஷிஃப்ட் லென்ஸ்கள் அவ்வளவு பெரிதாகவும் கனமாகவும் இருப்பது பெரிய வட்டத்தைப் போட வேண்டியிருப்பதால்தான்.

சரி, பின்னால் போய் நின்றால் ஆகாதா? 117 அடி போனால் குறுக்கே மரக்கிளை, வண்டி, ஆட்கள். கோயிலில் எப்போதும் கூட்டம். ‘சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு’ என்று வேலூரைப் பற்றிப் பழைய பேச்சு ஒன்று உண்டு. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981ல் இங்கே திரும்பி வந்து வழிபாடு தொடங்கியதும் அதில் முதல் பாதி பொய்யாகிவிட்டது. வருகிறவர்களை ஒதுங்கச் சொல்லிப் படம் எடுக்கும் உரிமை நமக்கு இல்லை. ஆகவே கிட்டேதான் நின்றாக வேண்டும்.

கிட்டே நின்று, 24 மிமீ லென்ஸை 25 டிகிரி அண்ணாந்து பிடித்து எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் நேராக்கலாம். பெரும்பாலானோர் செய்வது இதுதான். இதற்கும் விலை உண்டு. 76 அடியில் நின்று எடுத்தால், அடித்தளத்தில் ஆயிரம் பிக்சல் விழுகிற அகலத்துக்கு உச்சியில் சுமார் 610 பிக்சல்தான் விழும். நேராக்கும்போது அந்த 610ஐ இழுத்து ஆயிரமாக்குகிறோம். கலசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுதைச் சிற்பங்கள்தான் இந்த இழுப்பில் அதிகம் கெடும், பார்க்கிறவர் கண்ணும் நேரே அங்கேதான் போகும். இந்த முறையில் பிக்சல் ஷிஃப்ட் ஓரளவு கைகொடுக்கிறது. ஒவ்வொரு பிக்சலிலும் உண்மையான நிறம் இருப்பதால் சாதாரணப் படத்தைவிட இழுப்பைத் தாங்கும். இன்னொரு வழி, 15 மிமீ போன்ற அகல லென்ஸை நேராகப் பிடித்து எடுத்துக் கீழ்ப்பாதியை வெட்டிவிடுவது. கோடுகள் சுத்தமாக நிற்கும். ஆனால் 7360 பிக்சல் உயரத்தில் கோபுரத்துக்குக் கிடைப்பது 3900க்கும் குறைவு.

எனவே சாம்யாங்கின் 24 மிமீ டில்ட் ஷிஃப்ட் லென்ஸை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கினேன். ஃபோகஸ் கையால்தான் போட வேண்டும், கட்டடம் எங்கே ஓடிப்போகப் போகிறது? பென்டாக்ஸ் கேமராவில் மாட்டும்படியும் அது வந்திருக்கிறது. 80 அடி அளவில் நின்று, லென்ஸை மேலே நகர்த்தி, கேமராவை மட்டமாக வைத்து, பிக்சல் ஷிஃப்டில் எடுத்தேன். கோபுரம் ஆறாயிரத்துக்கு மேல் பிக்சல் உயரத்தில் நின்றது, எதையும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. சட்டகத்தை உயர்த்துவதை லென்ஸ் பார்த்துக்கொள்ள, நிறத்தையும் நுணுக்கத்தையும் சென்சார் பார்த்துக்கொண்டது. இரண்டையும் ஒரே கேமராவில் சேர்க்க முடிவதைத்தான் இந்த வேலையின் பெரிய கண்டுபிடிப்பாக நான் நினைக்கிறேன். மாடங்களில் உட்கார்ந்து எழுந்த புறாக்கள் மட்டும் நான்கு படத்திலும் நான்கு இடத்தில் இருந்தன. அந்த இடங்களில் ஒரே படத்தின் தகவலை எடுத்துக்கொண்டேன்.

தூண்

கோயிலுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் கல்யாண மண்டபம். முன்கால் தூக்கிய குதிரைகள், அவற்றின் மேல் வீரர்கள், யாளிகள், கூரையில் தலைகீழாகத் தொங்குகிற கிளிகள். கோட்டை முழுக்கத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஸ்டாண்டு போட முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். “ஸ்டாண்டுக்குப் பர்மிஷன் லெட்டர் இருக்கா சார்?” என்று காவலர் கேட்டார், காட்டினேன், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். பிக்சல் ஷிஃப்ட் முழுப் பலன் தர ஸ்டாண்டு கட்டாயம் என்பதால் அந்தக் கடிதம் லென்ஸைப் போலவே முக்கியம். கைப்பிடியாக எடுக்கும் முறை 2018ல் கே-1 மார்க் II கேமராவில் வந்தது. ஐந்தடி பிரிண்டுக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

நான்கு முறை எடுப்பதில் என்ன நடக்கிறது? சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது. நான்கு பிக்சல் கொண்ட ஒரு கட்டத்தில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். மீதி நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சலைப் பார்த்துக் கேமரா ஊகிக்கிறது. முகம், வானம் என்றால் ஊகம் பெரும்பாலும் சரியாக வரும். கருங்கல் அப்படியில்லை. அதில் வெள்ளையும் கறுப்பும் சாம்பலுமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். ஒரு புள்ளி ஒரு பிக்சல் அளவுக்கு வந்துவிட்டால், அது உண்மையில் கறுப்பா அல்லது அந்தப் பிக்சலுக்கு வர வேண்டிய நிறம் மட்டும் குறைவா என்று ஊகிக்க வழியே இல்லை. பிக்சல் ஷிஃப்டில் சென்சார் ஒரு பிக்சல் வலது, ஒரு பிக்சல் கீழ் என்று சுற்றி வருகிறது. கல்லின் ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு ஒரு முறை, நீலம் ஒரு முறை, பச்சை இரண்டு முறை பார்த்துவிடும். ஊகம் தேவையில்லை.

எடுத்தது லென்ஸின் துளை அளவு எஃப் 8, ஐஎஸ்ஓ 100, அரை வினாடி. திரையில் இரண்டு மடங்கு பெரிதாக்கிச் சாதாரணப் படத்தையும் பிக்சல் ஷிஃப்ட் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சாதாரணப் படத்தில் கறுப்புப் புள்ளிகளின் ஓரத்தில் லேசான பச்சையும் ஊதாவும். குதிரையின் கடிவாளத்து மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி மெழுகு பூசியது போல இருந்தன. பிக்சல் ஷிஃப்டில் ஊதா போய்விட்டது. மணிக்கும் மணிக்கும் நடுவில் உளி இறங்கிய பள்ளம் தெரிந்தது. பள்ளத்தின் ஒரு ஓரத்தில் வெளிச்சம், மறு ஓரத்தில் நிழல். குதிரையின் வயிற்றுக்கு அடியில் இருட்டான பகுதியிலும் மணல் மாதிரி நாய்ஸ் குறைந்திருந்தது. நான்கு படங்களின் வெளிச்சம் சேர்வதால் வரும் லாபம் அது. அவர் கேட்ட ‘உளி பட்ட இடம்’ இதுதான்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த முறையில் பிக்சல் எண்ணிக்கை கூடாது. 36 மெகாபிக்சல் 36ஆகவே இருக்கும். ஐந்தடி என்றால் 60 அங்குலம். 7360 பிக்சலை 60ஆல் வகுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 123. வழக்கமாகச் சொல்லும் 300க்கு இது எங்கேயோ கீழே. ஆனால் அந்த 123ம் உண்மையான பிக்சலாக இருக்கும்போது, கையெட்டும் தூரத்தில் நின்று பார்த்தாலும் கல் கல்லாகத் தெரிகிறது. எண்ணைவிடத் தரம் முக்கியம் என்று பேச்சுக்குச் சொல்வோமே, இங்கே அதைப் பிரிண்ட்டில் பார்க்கலாம்.

கெடுக்கக்கூடியவை மூன்று. கல்தளத்தில் யாராவது பக்கத்தில் நடந்தால் ஸ்டாண்டு அதிர்கிறது. 5 மைக்ரான் நகர்வை வைத்து வேலை நடக்கும்போது அந்த அதிர்வு பெரிது. ஆட்கள் கடந்து போகும்வரை காத்திருந்துதான் பட்டனை அழுத்த வேண்டும், அதுவும் ரிமோட்டில். அடுத்தது, மேகம். நான்கு படங்களுக்கு நடுவே வெயில் மங்கினால் படம் முழுக்கக் கட்டம் கட்டமாக ஒரு மெல்லிய கோடு விழும். மண்டபத்துக்குள் பக்கவாட்டில் இருந்து வரும் காலை வெளிச்சம்தான் செதுக்கலைக் காட்டும், அந்த நேரத்தில் மேகமில்லாத நாளாகப் பார்த்துப் போவது நல்லது. மூன்றாவது, துளை அளவு. எல்லாம் ஷார்ப்பாக வேண்டும் என்று எஃப் 16 வைத்தால், ஒளி விரிந்து விழும் புள்ளியே 21 மைக்ரான் ஆகிவிடும், அதாவது நான்கு பிக்சலுக்கு மேல். எஃப் 8ல் அது 11 மைக்ரானுக்குள். பிக்சல் ஷிஃப்டின் முழுப் பலனும் எஃப் 5.6க்கும் எஃப் 8க்கும் நடுவில்தான். ஆழம் போதவில்லை என்றால் ஃபோகஸை மாற்றி மாற்றி எடுத்து அடுக்குவதே வழி.

அகழி

இந்தப் படத்தில்தான் வசதி தடுமாறியது. மதில் அசையாது, மலை அசையாது. தண்ணீரும் மரமும் சும்மா இருக்காது. நான்கு படத்திலும் அலை நான்கு விதம், சேர்த்தால் தண்ணீர் மேல் கட்டங்கள் முளைக்கும். கே-1ல் அசைவைக் கண்டுபிடித்து விலக்கும் அமைப்பு இருக்கிறது. அசைந்த இடங்களில் ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். பெரிய அசைவுக்குப் பரவாயில்லை, சின்ன இலையின் நடுக்கத்தில் கோட்டை விடுகிறது.

அதனால் ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக) எடுத்து ராதெரபியில் திறந்தேன். காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள். 2017ல் வந்த 5.1 பதிப்பிலிருந்து பென்டாக்ஸ் பிக்சல் ஷிஃப்ட் கோப்புகளைக் கையாள்கிறது. எந்த இடங்கள் அசைந்தவை என்று அது கணக்கிட்டதை வண்ணத்தில் காட்டும், அந்த எல்லையை நாமே கூட்டிக் குறைக்கலாம். நான்கில் எந்தப் படத்தை அடிப்படையாக வைப்பது என்றும் சொல்லலாம். மதிலுக்கும் மலைக்கும் நான்கும் சேர்ந்தது, தண்ணீருக்கும் மரத்துக்கும் ஒரே படம் என்று பிரித்தேன். மதில் கற்களின் இணைப்புக் கோடுகள் ஒவ்வொன்றும் எண்ணும்படி வந்தன. மர உச்சிகள் சாதாரணப் படமாகவே நின்றன. காற்று இருக்கும் வரை அதற்கு மேல் செய்ய முடியாது.

வேலூர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் காலை எட்டு மணிக்கு மேல் சூடேறிய கல்லுக்கு மேலே காற்று நெளிய ஆரம்பிக்கிறது. தூரத்து மலை நான்கு படத்திலும் நான்கு வடிவம். அப்போது எந்தச் சென்சாராலும் பலனில்லை. சூரியன் எழுந்த கையோடு எடுத்து முடித்துவிட வேண்டும், அல்லது மழை விட்ட அடுத்த காலையில் போக வேண்டும்.

ஒன்றரை மில்லிமீட்டர் நகர்வுக்கும் ஒரு டிகிரி சுழற்சிக்கும் இங்கேதான் நல்ல வேலை கிடைத்தது. ஸ்டாண்டுத் தலையை இறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் கேமரா ஒரு இம்மி இறங்கும். பெரும்பாலான தலைகளில் இது உண்டு. அகழிக்கு நேர் எதிரே நின்றால் நீர்மட்டக் கோடு படத்தில் அரை டிகிரி சாய்ந்தாலும் கண்ணை உறுத்தும். மறுபடி தளர்த்தி இறுக்கினால் மறுபடி இறங்கும். மெனுவில் போய், திரையைப் பார்த்துக்கொண்டே சென்சாரைச் சுழற்றி நிறுத்தினால் அதோடு சரி. பின்னால் கம்ப்யூட்டரில் திருப்பினால் ஓரம் வெட்டுப்படும், ஒவ்வொரு பிக்சலும் மறுகணக்குக்குப் போகும். சென்சாரைச் சுழற்றினால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. கோபுரத்துக்குப் போதாத இந்த வசதி, கடைசி நேரச் சீரமைப்புக்கு அருமையானது.

பழக நினைக்கிறவர்களுக்குக் கோட்டையைவிட நல்ல இடம் பாலாற்றங்கரை விரிஞ்சிபுரம். ‘திருவிரிஞ்சை மதிலழகு’ என்று சும்மாவா சொன்னார்கள்! நீண்ட கல்மதில். உயரம் அவ்வளவு இல்லை, அண்ணார வேண்டாம், ஷிஃப்ட் லென்ஸ் வேண்டாம். அப்புறம் பாலாற்று மணல். நீரோட்டம் இல்லாத ஆற்றைப் பார்க்க மனசு கஷ்டப்படத்தான் செய்கிறது, ஆனால் அந்த மணலின் வரிகளைப் பிக்சல் ஷிஃப்ட் பிடிக்கிற விதத்தைப் பார்த்தால் அந்த நிலம் இன்று இருக்கும் நிலையை ஒருவராவது ஒழுங்காகப் பதிந்து வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

வேறு கேமராக்கள்

பென்டாக்ஸ் நம் ஊர்க் கடைகளில் சுலபத்தில் கிடைப்பதில்லை. சோனி ஏ7ஆர் III நான்கு படம் எடுக்கும், கேமராவுக்குள் சேர்க்காது, கம்ப்யூட்டரில் சேர்க்க வேண்டும். ஏ7ஆர் IV பதினாறு படம் வரை எடுத்து 240 மெகாபிக்சல் தரும். ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ்100ல் பின்னால் வந்த ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) மூலம் 400 மெகாபிக்சல். நிகான் இசட்எஃப்பிலும் உண்டு. கேனான் ஆர்5ல் 2023ல் வந்த ஃபர்ம்வேரில் 400 மெகாபிக்சல் படம் ஜேபெக்காக மட்டும் கிடைக்கிறது. வண்ணத்தையும் வெளிச்சத்தையும் பின்னால் சரிசெய்ய வேண்டியவர்களுக்கு அது பெரிய குறை. எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். பதினாறு படத்துக்கு எல்லாமே அசையாமல் இருக்க வேண்டும். ஆட்கள் நடமாடும் கோயிலில் நான்கு படமே எனக்குப் பாடாக இருந்தது. நம் வேலைக்கு நான்கு படமும், ரா ஃபைலும், அசைவை நாமே பிரித்தெடுக்கும் வழியும் போதும் என்பது என் கருத்து. கோபுரம் அடிக்கடி எடுப்பவர், புது கேமரா பாடிக்குச் செலவழிக்கும் பணத்தில் முதலில் ஒரு ஷிஃப்ட் லென்ஸ் வாங்கலாம்.

தூண் ஐந்தடிக்கும் கோபுரம் ஆறடிக்கும் பிரிண்ட் ஆயின. அகழிப் படத்தை நான்கடி அகலத்துக்கு மேல் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மதில் தாங்கும், மர உச்சி தாங்காது. அவர் ஒத்துக்கொண்டார். பிரிண்டோடு நான்கு படங்களும் அடங்கிய ரா ஃபைல்களையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் சாதாரண ஃபைலைப் போல நான்கு மடங்கு இடம் பிடிக்கும், இருந்தாலும் சேர்த்து முடித்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதை அழித்துவிடக் கூடாது. அசைவைப் பிரிக்கும் மென்பொருள் இன்னும் தேறினால், அந்த மரங்களை அன்றைக்கு இந்த ஃபைல்களிலிருந்தே மறுபடி சேர்த்துப் பார்க்கலாம்.